பன்னிரண்டு பலகைகள்

நவம்பர் 9

காலையில் தோட்டத்து மீன்குளத்தில் தண்ணீர் பதினோரு டிகிரி. பத்துக்குக் கீழே இறங்கினால் மீன்களுக்குத் தீனி கிடையாது, இது என் கணவர் தோகுஜியின் சட்டம். சட்டம் போட்டவர் டவுன் ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். பனிப் பாரத்தில் கிளை ஒடியாமலிருக்கப் பைன் மரத்துக்குக் கயிறு கட்ட ஏணியில் ஏறினார், கயிறும் கையுமாகக் கீழே விழுந்தார்.

கல்யாணமாகி இருபத்து மூன்று வருடம். இந்தக் குளத்தை நான் தொட்டதே இல்லை. மீன்களோடு மணிக்கணக்கில் ஏதோ முணுமுணுப்பார். என்னோடு "ம்" மட்டும். இப்போது நான் குளத்தைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்ய வேண்டுமாம். ஜப்பானில் வேறெங்கும் எப்படியோ, எங்கள் நீகாத்தா மலையில் ஆள் உயரத்துக்குப் பனி விழும். தள்ளிப்போட முடியாது.

நவம்பர் 11

ஃபாக்டரி விட்டு வந்து, ஆறு மணிக்கு போன் செய்தேன். தண்ணீர் ஒன்பதரை என்றேன்.

"தீனி டப்பாவ உள்ள வெச்சிடு. குளிர்ல செரிக்காது, செத்துடும். வாயத் தொறந்து கெஞ்சும், மயங்கிடாத."

"இந்த வீட்ல எங்கிட்ட யாரு வாயத் தொறந்து கேட்டாங்க, நான் மயங்கறதுக்கு?"

சிரித்தார். இவருக்கு இப்படி ஒரு சிரிப்பு இருக்கிறதா!

நவம்பர் 15

ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இலை அள்ளினேன். மேப்பிள் இலைகள் அடியில் சிவப்புப் பாயாகப் படிந்திருந்தன. அவற்றின் மேல் மீன்கள் தூக்கத்தில் நடப்பவர்களைப் போல மெல்லப் போய்க்கொண்டிருந்தன. வலையைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ, கால் மரத்துவிட்டது.

போனில் சொன்னேன். அந்தப் பெரிய வெள்ளை மீன், அவர் அம்மா இறந்த வாரத்தில் வாங்கியதாம். "வீட்டுக்கு வரப் பிடிக்கல அன்னிக்கு. வளப்பு மீன் விக்கிற கடையில போய் நின்னுட்டேன்" என்றார். இத்தனை வருஷமா இதையெல்லாம் எங்க வெச்சிருந்தார் மனுஷன்?

நவம்பர் 17, ஞாயிறு

பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு ஆரஞ்சு தின்றோம். பேச்சே வரவில்லை. வீடு திரும்பி, சமையலறையிலிருந்து கூப்பிட்டேன். நாற்பது நிமிடம் பேசினோம்.

நவம்பர் 23

முடிந்தது. குளம் உறையாமலிருக்கக் கிணற்றுத் தண்ணீரை மெல்லிசாகத் திறந்துவிட்டேன். பனி உள்ளே விழாமலிருக்கப் பன்னிரண்டு பலகைகளையும் குளத்தின் குறுக்கே அடுக்கி, வைக்கோல் பாய் போர்த்திக் கட்டினேன். பக்கத்து வீட்டு ஃபுசயே அக்கா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "அடியே சிசுயே, உன் புருஷனவிட நேரா அடுக்கிட்டியே!"

சாயங்காலம் அவர் கேட்டார், "எத்தன பலகை போட்ட?"

"நாலு."

ஏன் அப்படிச் சொன்னேன்?

நவம்பர் 27

இன்றும் கேட்டார். "ஆறு. ஒண்ணு மக்கிப் போயிருந்துச்சு" என்றேன்.

நவம்பர் 30

"ஏழு. அதுல ரெண்டு காத்துல விழுந்துடுச்சு."

"அப்ப அஞ்சு?"

"ஆமா... அஞ்சுதான்."

என் பொய்க் கணக்கு எனக்கே குழம்பியது. ஆனால் பலகைப் பேச்சு ஒரு நிமிடம்தான். பிறகு அவர் சின்ன வயதில் பார்த்த ரயில், எனக்குப் பிடித்த பழைய நீல உடை... அரைத் தூக்கத்தில் பேசுவதைப் போல என்னென்னவோ பேசினோம்.

டிசம்பர் 5

பனி கொட்டுகிறது. "இன்னும் முடியலயா?" என்றார். நாளைக்கு முடிச்சிடுவேன் என்றேன். போனை வைத்ததும் அழுதேன். அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறார். வந்ததும் பழைய "ம்" திரும்பிவிடும். பயமா இருக்கு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம், இந்த ஆறு மணிப் பேச்சு மட்டும் போதும் — இதை யாரிடம் போய்க் கேட்பது?

டிசம்பர் 14

வந்துவிட்டார், ஊன்றுகோலோடு. ஃபுசயே அக்கா முள்ளங்கி ஊறுகாய் கொண்டுவந்தாள்.

"பாத்தியா தம்பி, உன் பொண்டாட்டி வேலைய? போன மாசமே, என் மூட்டுக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப சொன்னேனே, இருபத்து மூணாம் தேதியே பன்னண்டும் போட்டு முடிச்சிட்டான்னு!"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவள் போகும்வரை தேய்த்த பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சேவா தெனம் கேட்டீங்க?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பலகை தீந்துட்டா நீ போன வெச்சிடுவியே."

டிசம்பர் 15

குளம் இருந்த இடமே தெரியவில்லை. எல்லாம் வெள்ளை. ஆறு மணிக்கு முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தேன். ஊன்றுகோலைத் தட்டித் தட்டிச் சமையலறைக்கு வந்து, என் எதிரே உட்கார்ந்தார். என்ன வேணும் என்றேன்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."