ஜப்பான் புத்தகமும் என் வாயும்

9.6.2025, திங்கள்
காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. பேத்தி சுஜிதா கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசினாள். ஜப்பான்காரர்களின் படக்கதைப் புத்தகங்களைப் படித்துவிட்டு, எது நல்லது, எது சொத்தை என்று சொல்வாள். பேர் போடமாட்டாள், முகம் காட்டமாட்டாள். குரலை மட்டும் பதிந்து நெட்டில் விடுவாள். ஆறாயிரம் பேர் கேட்கிறார்களாம்! "அப்பாட்ட மட்டும் சொல்லிராத ஆச்சி" என்றாள். அவள் அப்பன், என் மகன் முத்துச்செல்வம், சுரண்டையில் போலீஸ். மகளும் எஸ்.ஐ. ஆக வேண்டுமென்று என்னிடம் விட்டு, இங்கே தென்காசியில் கோச்சிங்கில் சேர்த்திருக்கிறான்.

13.6.2025, வெள்ளி
கோயிலில் கோமதியம்மாள் தன் பேரனின் பாங்க் வேலையைப் பற்றி அரைமணி நேரம் அளந்தாள். பொறுக்கவில்லை. "எம் பேத்தி வாயத் தொறந்தா ஆறாயிரம் பேரு கேக்கான்" என்று சொல்லிவிட்டேன். என் போனில் குரலையும் போட்டுக் காட்டினேன். பாங்க் பேச்சை அதோடு விட்டாள். நல்லா வேணும்.

15.6.2025, ஞாயிறு
கோமதியம்மாள் மருமகனும் போலீஸ் என்பதை மறந்தேனே, பாவி.
செல்வம் காலிச் சாக்குப்பையோடு வந்தான். "பரீச்சைக்குப் படிக்க விட்டா, குட்டப்பாவாட பொம்மயப் பத்தி ஊருக்குப் பேசிக்கிட்டிருக்கியாட்டி?" அத்தனை புத்தகத்தையும் அள்ளிப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டான்.
அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். "ஒனக்கு மட்டுந்தான ஆச்சி தெரியும்." அவ்வளவுதான்.

16.6.2025
பேசவில்லை.

18.6.2025
அவளுக்குப் பிடிக்குமே என்று தேங்காய்ப்பால் சொதி வைத்தேன். சாப்பிட்டாள். பேசவில்லை. போனிலும் பேசுவதில்லை. எதுக்கு இந்த வாய் எனக்கு?

20.6.2025, வெள்ளி
பேப்பர் கடைக்குப் போனேன். லோடு போய்விட்டதாம். கடைக்காரர் துல்கர்னைன் உள்ளே போய் ஒன்றே ஒன்றை எடுத்து வந்தார். "படம் நல்லாருக்குன்னு எம் மவ எடுத்து வச்சிருந்தா ஆச்சி. கொண்டு போங்க."

22.6.2025, ஞாயிறு
இரண்டு நாளாக அதைத்தான் பார்க்கிறேன். எழுத்து இங்கிலீஷ். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்குப் படம் போதும். ஒருத்தி ரயிலில் அழுதுகொண்டிருக்கிறாள். வீட்டில் அம்மாவின் போட்டோ. பிறகு அந்த அம்மா ஆஸ்பத்திரியில் கண் திறக்கிறாள், எழுந்து வருகிறாள்! இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள், அப்புறம் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். கடைசியில் மகள் குழந்தையாகி அம்மா இடுப்பில். என்ன தைரியம் இந்த ஜப்பான்காரனுக்கு.

23.6.2025
அடுக்களையில் நின்று, அவள் முகம் பார்க்காமல் கதையைச் சொன்னேன்.
"ஆச்சி, நீ கடைசிப் பக்கத்துலருந்து படிச்சிருக்க. இத அங்கனருந்து இங்கன படிக்கணும்."
எட்டு நாளில் முதல் பேச்சு. பக்கத்தில் உட்கார்ந்து வலப்பக்கமிருந்து புரட்டினாள். இடுப்பில் இருந்த பிள்ளை வளர்கிறது. சண்டை. அம்மா செத்துப்போகிறாள். மகள் ஒரு மன்னிப்பும் கேட்காமல் ரயிலேறுகிறாள்.
"இப்பம் எப்படி இருக்கு?"
"நல்லால்ல. நான் படிச்சதுதான் நல்லாருந்துச்சு."
அவள் சிரிக்கவில்லை. "இத போன்ல சொல்லுதியா?" என்றாள்.

24.6.2025
சொன்னேன். ஆனால் பேரோடு. "நான் சங்கரேஸ்வரி. அஞ்சாப்பு. போலீஸ் முத்துச்செல்வத்தோட அம்ம. இந்தப் புத்தகத்த வீட்டுக்குக் கொண்டுவந்தது நாந்தான்."
"அப்பா பேர வெட்டிரவா ஆச்சி?"
"கெடக்கட்டும்."

26.6.2025
செல்வம் போன் செய்தான். "யம்மா, ஸ்டேசன்ல அம்புட்டுப் பேரும் கேட்டுட்டான். எதுக்கு எம் பேரச் சொன்ன?"
"பெத்தவ வேற யாரு பேரலே சொல்லுவா?"
வைத்துவிட்டான். அந்தச் சாக்கு இன்னும் அவன் வண்டியில்தான் இருக்கும்.

29.6.2025, ஞாயிறு
செல்வம் வந்தான். புத்தகம் நாற்காலியில் கிடந்தது. நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து, அதைக் கையில் எடுத்து நாற்காலியில் உட்கார்ந்தான். நம்ம புத்தகத்தைத் திறப்பதுபோல இடப்பக்கமிருந்து திறந்தான். ரயில். போட்டோ. ஆஸ்பத்திரி.
சுஜிதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். படிக்கட்டும்.