இந்த வருடம் மட்டும் நான் வரவில்லை

என் அருமைச் சேஷா,

மார்கழி பிறந்தும் மழை விடவில்லை. நேற்று காலையிலும் மந்தைவெளியில் முழங்கால் தண்ணீர். பஸ்ஸெல்லாம் சுற்றிக்கொண்டு போயிற்று. நீ இருந்திருந்தால் விடிந்தும் விடியாமலும் போனில் கூப்பிட்டு, "மிதமான மழைன்னானே, இதான் மிதமா?" என்று சண்டைக்கு வந்திருப்பாய், என்னவோ நான்தான் மழையை அனுப்பி வைத்தது போல.

கச்சேரிகளும் தொடங்கிவிட்டன. முந்தாநாள் மயிலாப்பூரில் ஒரு மதியக் கச்சேரிக்குப் போனேன். நீ இல்லாமல் போனது இதுதான் முதல் தடவை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "அங்கிள், இது என்ன ராகம்?" என்று கேட்டாள். முப்பது வருடமாக நீ காதோரம் சொல்லிச் சொல்லித்தானே எனக்கு ராகம்? துணிந்து "பைரவிம்மா" என்றேன். முன்வரிசைக்காரர் திரும்பி, "முகாரி" என்றார். அந்தப் பெண் சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

நான் உன் வீட்டுக்குள் முதன்முதலாக வந்தது சுகாதார ஆய்வாளராக, கொசுப்புழு தேடிக்கொண்டு. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்த தட்டை இழுத்துப் போட்டு, "இன்னா சார், புழு வளக்கிறீங்களா?" என்று கத்தினேன். நீ கோபப்படவில்லை. என் டார்ச்சை வாங்கிக் குனிந்து பார்த்து, "எப்படி நெளியறது பாரேன்!" என்று ஜெயாவைக் கூப்பிட்டாய். உள்ளே ரேடியோவில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். வேலையை மறந்து நான் நின்று கேட்டதைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரமே கச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனாய்.

ஓய்வு பெற்ற பிறகும் வருடா வருடம் முதல் மழை நின்ற மறுநாள் டார்ச்சோடு வந்துவிடுவேன். மொட்டைமாடி டிரம், ஏசித் தண்ணீர் சொட்டும் வாளி, பூந்தொட்டித் தட்டு, எல்லாவற்றையும் பார்த்துக் கத்திவிட்டு, ஜெயா வார்க்கும் அடையைத் தின்றுவிட்டுத்தான் கிளம்புவேன். இந்த வருடம் மட்டும் நான் வரவில்லை.

தேர்தல் முடிவு வந்த மறுநாள், பூங்கா பெஞ்சில் நடந்ததுதான் காரணம். நாட்டைப் பற்றி நாம் கத்தாத கத்தலா? ஆனால் அன்றைக்கு நீ, "இதெல்லாம் உங்க ஆளுங்களுக்கு எங்கடா புரியப்போறது" என்றாய். முப்பது வருடத்தில் 'உங்க ஆளுங்க' என்ற சொல் உன் வாயிலிருந்து வந்ததில்லை. சொன்ன உடனே உன் முகம் மாறிவிட்டது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் விடவில்லை. "இனிமே இந்த ஆளு உன் வூட்டுப் பக்கமே வர மாட்டான், போ" என்று எழுந்து வந்துவிட்டேன். அந்த வாரத்தில் இரண்டு முறை போன் செய்தாய். எடுக்கவில்லை.

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஐப்பசி மழை நின்ற மறுநாள், கால் பழக்கத்தில் உன் தெருவுக்கு வந்துவிட்டேன். கேட் அருகே நின்று அண்ணாந்து பார்த்தேன். மாடிச் சுவருக்கு மேல் தலை நீட்டிக்கொண்டிருந்த நீல டிரம்முக்கு மூடி இல்லை. அதில் ஒரு வாரத்தில் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? மணியை அடிக்கக் கையைத் தூக்கினேன். 'அவன் வந்து கூப்பிடட்டும்' என்று இறக்கிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஜெயா கூப்பிட்டாள். "அண்ணா, இவருக்கு நாலு நாள் ஜுரம். நேத்திக்கு விட்டுடுத்து. ஆனா வயத்தை வலிக்கறதுங்கறார், கை காலெல்லாம் ஜில்லுனு இருக்கு" என்றாள். டெங்குவில் ஜுரம் விடும் நாள்தான் பயப்பட வேண்டிய நாள் என்று எத்தனை தெருவில் மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறேன்! நீயோ ஜுரம் விட்டதென்று குளித்துவிட்டு ஆழ்வார்பேட்டைக்குக் கச்சேரி கேட்கப் போயிருக்கிறாய். பாதியில் எழுந்து வந்தாயாம். நீ எந்தக் கச்சேரியில் பாதியில் எழுந்திருக்கிறாய்?

ஆட்டோவில் உன்னை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். "வந்துட்டியா தணி" என்றாய். கொஞ்சம் போனதும், "அன்னிக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தாய்.

"அத்த வுடு நைனா. பேசாத. தோ, ஆஸ்பத்திரி வந்துடுச்சி" என்றேன்.

உன்னை முடிக்க விட்டிருக்கலாமோ? என்ன சொல்ல வந்தாய்? அதற்குப் பிறகு நீ பேசவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாய்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஜெயாதான் டிரம்மைப் பற்றிப் பேச்செடுத்தாள். "தீபாவளிக்கு முன்னாடி அடிச்ச காத்துல மூடி பறந்துடுத்து. வேற வாங்கலாம்னேன். 'இருக்கட்டும், தணி எப்படியும் வருவான். பாத்துட்டுக் கத்தட்டும், அப்புறம் வாங்கலாம்'னுட்டார்."

அங்கே உட்கார முடியாமல் மாடிக்குப் போனேன். டிரம்மில் புழு இருந்தது. கவிழ்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உன்னைக் கடித்தது இதிலிருந்து கிளம்பிய கொசுவா, எதிர்வீட்டுக் கொசுவா என்று எவனாலும் சொல்ல முடியாது. வேலையில் இருந்தபோது, பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளில் நான் அப்படித்தான் சொல்லித் தேற்றுவேன். இப்போது எனக்கே சொல்லிப் பார்க்கிறேன், எடுபடவில்லை.

நேற்று சாயங்காலம் ஜெயாவிடம் போய், தெருவில் நின்று பார்த்ததையும் மணி அடிக்காமல் திரும்பியதையும் சொல்லிவிட்டேன். "மணி அடிச்சிருந்தா..." என்று ஆரம்பித்தவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இன்னிக்கு நீங்க கிளம்புங்கோ அண்ணா. உங்களை இப்போ என்னால பாக்க முடியலை" என்றாள். வாசல்வரை வரவில்லை.

இன்று காலை உன் மகள் வித்யா போன் செய்தாள். "பெரியப்பா, அம்மா ராத்திரி பூரா தூங்கலை. ஞாயித்துக்கிழமை உங்களை வரச்சொல்லுன்னா. எதுக்குன்னு சொல்லலை."

எதற்காக இருந்தாலும் போவேன், சேஷா. திட்டினாலும் கேட்டுக்கொள்வேன், ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாலும் கூடவே உட்கார்ந்திருப்பேன். பெஞ்சில் இன்னும் நாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நானும் கத்தத்தான் செய்கிறேன், அந்தக் குணம் போகாது. ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி எவரோடு சண்டை வந்தாலும், அன்றைக்கே அவர் வீட்டு வாசலில் நின்று, அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நான் வீடு திரும்புவேன்.

வித்யாவின் பெரியப்பா,
தணிகாசலம்