படகில் தூங்கியவர்

ஹாலே, ஜெர்மனி
8 ஜூன் 2025

அன்புள்ள ரோஜாவுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நான் சுகம். உன் முட்டு வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "இப்போதான் ஞாபகம் வந்ததாக்கும்" என்பாய். பதிலுக்கு நான் ஏதாவது உளறுவேன், நீ டப்பென்று வைத்துவிடுவாய். போனே வேண்டாம், சண்டையில்லாமல் பேசணும்னா ரெண்டு பேரும் கடிதம் எழுதுங்க என்று மகள் அம்மு போட்ட சட்டம் நல்லதுதான்.

இன்று பெந்தெகொஸ்தே. கோயிலில் கூட்டமே இல்லை. முன் வரிசையில் ஒரு அம்மாள் நாயோடு உட்கார்ந்திருந்தார். பிரசங்கம் முடியும்வரை அது அசையவில்லை. என் மாணவர்களைவிட ஒழுக்கம்.

செப்டம்பரோடு பல்கலைக்கழகம் எனக்கு ஓய்வு தருகிறது. புத்தகமும் முடிகிற கட்டம். கேட்கிறவரையும் சேர்த்தால் 'நாம்', விலக்கினால் 'நாங்கள்' என்று தமிழ் பிரிக்கிறது. கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதனால் வேதத்தைத் தமிழில் பெயர்த்தவர்கள் ஒவ்வொரு இடத்திலும் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. இந்த ஒன்றைத்தான் இத்தனை வருஷமாகக் கிளறிக்கொண்டிருந்தேன். ஒரே இடம் மிச்சமிருக்கிறது. புயலில் படகு தத்தளிக்கிறது, ஆண்டவர் தூங்குகிறார், சீஷர்கள் அவரை எழுப்பி, சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்கிறார்கள். அங்கே நாம் சாகிறோமா, நாங்கள் சாகிறோமா? அதில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். அக்டோபரில் நம் வீட்டுக்கே வந்து, மீதிக் காலம் உன்னோடு இருக்கலாமா? யோசித்து எழுது.

அன்புடன்,
செல்லதுரை


மட்டாஞ்சேரி
28 ஜூன் 2025

பேராசிரியர் அவர்களுக்கு,

கடிதம் மழையில் ஊறி, பாதி மை கரைந்து வந்து சேர்ந்தது. இருந்தாலும் வாசிக்க வேண்டியதை வாசித்துவிட்டேன். முட்டு வலி என்னோடு சௌக்கியமாக இருக்கிறது.

'நம் வீடு' என்று எழுதியிருக்கிறீர்கள். அடேயப்பா! இந்த இரண்டு வார்த்தைக்கு வித்தியாசம் சொல்லியே சம்பளம் வாங்குகிறவர் நீங்கள், அதனால் கேட்கிறேன். இது எப்போது நம் வீடு ஆச்சு? ஓடு ஒழுகினால் பாத்திரம் வைத்தது நான். அம்முவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது பஜார் ரோட்டில் லாரிக்கு நடுவே ஆட்டோ பிடித்து ஓடினது நான். இது எங்கள் வீடு. எங்கள் என்றால் நானும் அம்முவும். கேட்கிறவரை விலக்கித்தான் சொல்கிறேன்.

நான் ஒன்றும் முயற்சி பண்ணாதவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் லீவு போட்டுவிட்டு ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே வந்து இருந்தேனே! ஜன்னலோரம் நீங்களும் கிரேக்கமும், அடுப்பங்கரையில் நானும் குளிரும். சாயா வேணுமா என்று கேட்டால்கூட தலை நிமிராது. அம்முவின் படிப்பு என்று நான் திரும்பி வந்தேன். நீங்கள் 'இன்னும் ஒரு வருஷம்' என்றீர்கள். அடுத்த வருஷமும் அதையே சொன்னீர்கள். அம்முவுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அம்முவும் நிகிலும் என்னைப் பெங்களூருக்கே வந்துவிடச் சொல்கிறார்கள், எனக்கென்று ஒரு ரூம் ஒதுக்கிவிட்டார்களாம். கீழே இருக்கிற வீட்டுக்காரர் ராமபத்ரன் சாமியும், தன் மகன் சிவசங்கரன் இந்த மாடியை ஹோம்ஸ்டே ஆக்கணும் என்று நிற்பதாகச் சொன்னார். சாமி நல்லவர், "டீச்சர் இருக்கறவரைக்கும் நான் சம்மதிக்க மாட்டேன், ஆனா போறதா இருந்தா ஓணத்துக்குள்ள சொல்லிடுங்கோ" என்கிறார். நான் ஏறக்குறைய போவதாகத்தான் இருக்கிறேன். நான் போய்விட்டால் நீங்கள் வந்து நிற்க இங்கே வாசல்கூட இருக்காது. தெரிந்துகொள்ளுங்கள்.

ரோஜா


ஹாலே
17 ஜூலை 2025

அன்புள்ள ரோஜாவுக்கு,

நீ எழுதியது சரி. அந்த வார்த்தையை நான் போட்டிருக்கக் கூடாது. உங்கள் வீட்டில் எனக்கு உரிமை இருப்பதுபோல் எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள். பெங்களூரில் ஒரு இறையியல் கல்லூரிக்காரர்கள் விருந்தினர் குடியிருப்பு தருகிறோம், வாரம் இரண்டு வகுப்பு எடுத்தால் போதும் என்று எழுதியிருக்கிறார்கள். நீயும் அம்முவோடு பெங்களூர் போகிறாய் என்றால் எப்போதாவது பார்த்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுக்கு வந்து உங்களுக்குத் தொல்லை கொடுக்க மாட்டேன்.

கடைசி வகுப்பு முடிந்தது. ஜெபத்தில் ஏன் 'எங்கள்' என்று சொல்கிறீர்கள், அது ஆளை ஒதுக்குகிற சொல்தானே என்று ஒரு மாணவி கேட்டாள். ஒதுக்குவதெல்லாம் எதிரே இருந்து ஜெபத்தைக் கேட்கிறவரை மட்டும்தான், பக்கத்தில் முழங்கால் போட்டிருப்பவன் அந்த 'எங்கள்' உள்ளேதான் இருக்கிறான் என்று விளக்கினேன். உடனே அவள், நீங்களும் உங்கள் மனைவியும் வீட்டில் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவீர்கள் என்று கேட்டுவிட்டாள். வகுப்பே என்னைப் பார்த்தது. மணியடித்ததால் தப்பித்தேன்.

படகு இடத்துக்கு 'நாங்கள்' என்றே போட்டிருக்கிறேன். மனசு ஒப்பவில்லை. அவரும் அதே படகில்தானே இருக்கிறார்?

அன்புடன்,
செல்லதுரை


மட்டாஞ்சேரி
4 ஆகஸ்ட் 2025

அத்தான்,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பொரிந்துகொண்டே இருந்தேன். கோபத்தில் மீன்காரியிடம் எரிந்து விழுந்தேன். வைப்பின் தீவிலிருந்து படகேறி வந்து கூவி விற்கிறவள், பாவம், "எந்தா டீச்சரே, சுகமில்லே?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

உங்கள் வீடாம். உங்களுக்குத் தொல்லையாம். நான் ஒரு வார்த்தை சொன்னால் உடனே சிவப்பு மையில் அடித்துத் திருத்திக்கொள்வீர்களா? நான் என்ன உங்களுக்குப் பரீட்சைப் பேப்பரா திருத்தினேன்? சண்டை போடுவீர்கள் என்று நினைத்தேன். 'அதெப்படிடி, அது என் வீடும்தான்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அதற்குத்தானே அப்படி எழுதினேன். கிரேக்கம் புரிகிறது, பெண்டாட்டி புரியவில்லை. நல்ல படிப்பு.

அம்மு கல்யாணத்தில் நாலு நாள் விருந்தாளி மாதிரி வந்து நின்றீர்கள். ஆல்டரில் ஏறி, கல்யாணம் என்றால் நான் நாமாக மாறுவது என்று அரை மணி நேரம் பேசினீர்கள். சபையே கண்ணைத் துடைத்தது. நான் மட்டும் துடைக்கவில்லை. மறுநாள் நீங்கள் ஏர்போர்ட்டுக்குப் போகும்போது கதவைச் சாத்தினது நான்தான், உள்ளே ஒருத்தி மட்டும் இருந்தாள்.

உங்கள் படகு விஷயத்துக்கு என் அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவரும் அதே படகில் இருந்தார், சரி. ஆனால் தூங்கிக்கொண்டிருக்கிற ஆளை எப்படிச் சேர்த்துச் சொல்லுவார்கள்? தண்ணீர் இறைக்கிறவனுக்குத்தான் தெரியும் யார் சாகிறார்கள் என்று. 'நாங்கள்' சரிதான், அப்படியே விடுங்கள்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். இங்கே வரணும் என்று கேட்டது என்னோடு இருக்கவா, இல்லை வேலை முடிந்து போக்கிடம் இல்லாததாலா? மழுப்பாமல் எழுதுங்கள். ஓணத்துக்கு முன்னே கிடைக்கணும்.

ரோஜா


ஹாலே
18 ஆகஸ்ட் 2025

என் ரோஜாவுக்கு,

மழுப்பாமல் எழுதுகிறேன். போக்கிடம் இருந்தது. வேண்டாம் என்று பெங்களூர்க்காரர்களுக்கு நேற்று எழுதிப் போட்டுவிட்டேன். புத்தகங்களை இங்குள்ள நூலகத்துக்குக் கொடுத்தாயிற்று. அவர்கள் நன்றி சொன்னார்கள், நான் அறைக்கு வந்து அழுதேன். காலி அலமாரியைப் பார்த்தபோது என்ன தோன்றியது தெரியுமா? சாயா வேணுமா என்று நீ கேட்டது. கேட்டுக்கொண்டே நின்றாயே, நான் வேணும் என்றுகூடச் சொல்லவில்லையே. அதற்குப் பதில் சொல்லத்தான் வருகிறேன். வேணும் ரோஜா.

'அது என் வீடும்தான்' என்று எழுதச் சொல்கிறாய். எழுதக் கை வரவில்லை, பொய் மாதிரி இருக்கிறது. நீ சேர்த்துச் சொன்னால்தான் உண்டு. நானாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ள முடியாது.

அக்டோபர் மூன்றாம் தேதி கொச்சியில் இறங்குகிறேன். டிக்கெட் போட்டாயிற்று. நீ பெங்களூர் போக முடிவெடுத்தால் போ, உன்மேல் ஒரு வருத்தமும் இல்லை. நான் மட்டாஞ்சேரியில் எங்காவது ஒரு அறை பார்த்துக்கொள்வேன், நீ அம்முவோடு லீவுக்கு வரும்போது கோயிலில் பார்ப்பேன். 'இன்னும் ஒரு வருஷம்' என்று கேட்க எனக்கு வாயும் இல்லை, வயசும் இல்லை.

படகு விஷயத்தில் உன் பக்கமே நிற்கிறேன், 'நாங்கள்' இருக்கட்டும். ஒன்று மட்டும் கவனித்தேன். எழுப்பினபோது அவர் சீஷர்களிடம் இலக்கணம் பேசிக்கொண்டிருக்கவில்லை, முதலில் எழுந்தார். என்னை ஆண்டவரோடு வைத்துப் பேசுகிறேன் என்று சிரிக்காதே. எழுந்துவிட்டேன் என்று சொல்ல வந்தேன், அவ்வளவுதான்.

உன்,
செல்லதுரை


மட்டாஞ்சேரி
7 செப்டம்பர் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் திருவோணத்துக்கு முந்தின நாள், உத்திராடத்தன்று வந்தது. வீடு நிறைய ஆள். அம்முவும் நிகிலும் ஓணத்துக்கு வந்திருந்தார்கள். நிகில் பாயசம் வைக்கிறேன் என்று பாலைப் பொங்கவிட்டு அடுப்பையே மூழ்கடித்தான், நல்ல பையன். கடிதத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னால் சொருகி வைத்து, பாத்திரம் கழுவுகிற சாக்கில் இரண்டு தடவை படித்தேன். சோப்புக் கை பட்டு அந்தச் சாயா வரி அழிந்துவிட்டது. பரவாயில்லை, ஞாபகம் இருக்கிறது.

அழுதேன் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் அழுது நான் பார்த்ததில்லை. உங்கள் அம்மா போனபோதுகூட. எனக்கு என்னவோ செய்தது.

நெடும்பாசேரி ஏர்போர்ட்டில் இறங்கியதும் டாக்ஸி பிடியுங்கள். இடப்பள்ளி பக்கம் சுற்றிக்கொண்டு போனால் ஜங்ஷனில் மாட்டிக்கொள்வீர்கள், டிரைவரிடம் வல்லார்பாடம் வழி போகச் சொல்லுங்கள். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும், ஆனாலும் அது சீக்கிரம். சுக்கு வாசனை மூக்கில் ஏறினால் பஜார் ரோடு வந்துவிட்டது என்று அர்த்தம். படி செங்குத்து, இந்த முட்டு வலியை வைத்துக்கொண்டு என்னால் இறங்கி வந்து வரவேற்க முடியாது. நீங்களே ஏறி வாங்க. குளிர்க்கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் உயிரை வாங்காதீர்கள், இங்கே மாட்ட இடமில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். திருவோணத்தன்று சாப்பிட்டு முடித்து எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம். ராமபத்ரன் சாமி மேலே வந்தார். "டீச்சர், என்ன தீர்மானம் பண்ணினேள்? சிவசங்கரன் என்னைத் துளைச்சு எடுக்கறான்" என்றார். அம்மு முந்திக்கொண்டு, "அம்மா எங்ககூட வர்றாங்க அங்கிள்" என்றாள். நான் ஒன்றும் யோசிக்கவில்லை, சத்தியமாக யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிற்று.

"இல்லை சாமி, நாங்க இங்கேயே இருந்துக்கறோம்."

சாமி சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். அம்மு என்னையே பார்த்தாள். பிறந்ததிலிருந்து அந்த வார்த்தைக்குள்ளே இருந்தவள் அவள்தானே. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, பிறகு சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. "நாங்கன்னா யாரும்மா?" என்று கேட்டாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து அடுப்பங்கரைக்குள் போனேன். அங்கேயும் வந்து நின்று, சொல்லும்மா, சொல்லும்மா என்று பிடுங்குகிறாள். அதைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியிருக்கிறாரே உங்க அப்பா, அவர் வந்து சொல்லுவார் என்று சொல்லியிருக்கிறேன்.

வந்து சொல்லுங்க.

ரோஜா