மண்ணெண்ணெய்க்குள் விழுந்த தேங்காயெண்ணெய்

டீச்சர், நேற்று என் தம்பி ஆமிக்காரரின் தடையைத் தாண்டி ஒரு வாசனைச் சவர்க்காரம் கொண்டுவந்தான். ரோசாப்பூ மணம். மகள் அதில் ஒரு துளி தண்ணீர் படவிடவில்லை. உறையோடு எடுத்துத் தன் உடுப்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கொட்டில் முழுக்க மணக்கிறது. எல்லாருக்கும் சந்தோசம். எனக்கு மட்டும் பத்திக்கொண்டு வருகிறது.

யாரோடு கோபம் என்று கேட்பீர்கள். பிள்ளைகள் உடம்பு கழுவுகிற கட்டியை வெடிகுண்டு மாதிரித் தடுத்து வைத்தவர்களோடு. அதைவிட உங்களோடு. செத்தவர்களோடு கோபிக்கக் கூடாதாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அந்தப் பாடம் எனக்கு ஒருவரும் எடுக்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, உடையார்கட்டில் எங்கள் வளவுக்கு வந்தபோது உங்கள் கையில் ஒரு பையும் குடையும்தான். பின்பக்கம் கொட்டில் போட்டுத் தந்தோம். அடுத்த கிழமையே பாலைமரத்துக்குக் கீழே பலகையைச் சாத்திவைத்துப் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பிக்கத் தொடங்கிவிட்டீர்கள். நான் உலை வைத்தபடி கத்துவேன்.

"டீச்சர், உந்தக் கெமிஸ்ரி படிச்சா சோறு அவியுமே?"

"அவியிறதே கெமிஸ்ரிதான், மலர். நீர் அரிசியைப் பாரும்."

அந்த வருசம் மகளுக்குச் சிரங்கு. விரலிடுக்கெல்லாம் வெடித்துச் சீழ் வைத்தது. சொறிந்து சொறிந்து அழுவாள். டொக்டர் பார்த்துவிட்டு, "ஒவ்வொரு நாளும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பிறகு மருந்து பூசுங்கோ" என்றார். "அதையும் துண்டில எழுதித் தாங்கோ டொக்டர், எந்தக் கடையில குடுக்கினம் எண்டு பாப்பம்" என்றேன். பாவம் மனிசன், சிரிக்கவும் முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நீங்கள்தான் சொன்னீர்கள், தேங்காயெண்ணெய் கிடைத்தால் நாங்களே காய்ச்சலாம் என்று. என் மனிசன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வவுனியாவுக்குப் போனார். அங்கே போனதும் அவருக்கு மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. மண்ணெண்ணெய்க்கும் தடைதானே. கலனின் அடியில் மண்ணெண்ணெயை ஊற்றி, மேலே தேங்காயெண்ணெயை ஊற்றினால் தடையில் நிற்கிற ஆமிக்காரன் தேங்காயெண்ணெயை மட்டும்தான் காண்பான் என்று கணக்குப் போட்டார். ஆமிக்காரன் மூடியைக்கூடத் திறக்கவில்லை. மனிசன் மீசையை முறுக்கிக்கொண்டு வந்து கலனைத் திறந்தார். எல்லாம் ஒன்றாகக் கலந்து, ஒரே மண்ணெண்ணெய் நாற்றம்.

"எண்ணெய் மேல மிதக்கும்தானே?" என்றார்.

"தண்ணியில மிதக்குமப்பா! மண்ணெண்ணெயும் எண்ணெய்தானே. சொந்தக்காரரைக் கண்டா கட்டிப்பிடிக்காதே?" என்று நான் கத்தினேன். மகள் மூலையில் இருந்து சொறிந்துகொண்டிருந்தாள். எனக்கு அந்தக் கலனைத் தூக்கி மனிசனின் தலையில் ஊற்றலாம் போல இருந்தது.

நீங்கள் மட்டும் சிரித்தீர்கள். "பிரிக்கலாம்" என்றீர்கள்.

வாழைத்தண்டுச் சாம்பலை ஊறவைத்து, சுண்ணாம்பு போட்டுத் தெளியவைத்தீர்கள். அதுதான் காரமாம்; அதை எண்ணெய்ப் பானைக்குள் ஊற்றினீர்கள். கொதிநீர்க் கிடாரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, நெருப்பைத் துப்புரவாக அணைத்த பிறகுதான் எண்ணெய்ப் பானையை அதற்குள் வைக்க விட்டீர்கள். தண்ணீர் ஆற ஆற மாற்றி, நாள் முழுக்கச் சூட்டில் வைத்து மெல்லத் துழாவினீர்கள். பிறகு அகப்பையை எடுத்து ஒளித்துவிட்டீர்கள்.

"தேங்காயெண்ணெயில இருக்கிற கொழுப்பமிலம் காரத்தோட சேர்ந்து தண்ணிக்குள்ள போயிடும். மண்ணெண்ணெய்க்குக் காரத்தோட ஒரு சோலியும் இல்லை. அது தனிய மேல நிக்கும்."

"அப்ப கலியாணம் கட்டினது கீழ, கட்டாதது மேல."

"என்னை மண்ணெண்ணெய் எண்டுறீர், என்ன?" என்று குடையால் தட்டினீர்கள்.

மனிசன் பானையைப் பிடித்து ஆட்டப் போனார். பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார்சைக்கிளைச் சரித்து ஆட்டி ஆட்டிப் பழகிய கை. "கலக்காதேங்கோ! பிறகு பால் மாதிரி நிண்டிடும். பொறுங்கோ, தானாப் பிரியும்." நீங்கள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

பொறுத்தோம். மேலே நின்ற மண்ணெண்ணெயை அள்ளி எடுத்தோம், விளக்குக்கு ஆனது. கீழே நின்றதில் நான் விரலை விட்டேன், எரிந்தது. "இது பிள்ளையின்ர புண்ணுக்கு ஆகாது. காரம் கூடிப்போச்சு, மணமும் போகேல்லை" என்றீர்கள். புளிப்பு வேண்டுமாம். காரம் கொழுப்பமிலத்தை விட்டுவிட்டுப் புளிப்போடு போய்விடுமாம். "விட்டிட்டு ஓடிடுவாரோ? ஆம்பிளைப் புத்தி!" என்றேன். அவ்வளவு புளிப்புக்கு எங்கே போவது? புளித்த கள்ளுத்தான் இருந்தது. மச்சமாமிசம் தொடாத நீங்கள், குடையும் பிடித்துக்கொண்டு கள்ளுத் தவறணைக்குப் போனீர்கள். நான் ஒழுங்கை முழுக்க அறிவித்துக்கொண்டு பின்னால் வந்தேன். "விலகுங்கோ, டீச்சர் கள்ளுக்குப் போறா!"

கள்ளை ஊற்ற ஊற்ற வெண்ணெய் போல ஒன்று திரண்டு மேலே வந்தது. அதை அள்ளிக் கழுவிக் கழுவி, திரும்பவும் சாம்பல் நீரை அளந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தீர்கள். கடைசியில் பழுப்பு நிறத்தில் ஒரு களி. மகளின் கையில் அது நுரைத்தது. எனக்குப் பகிடி வராத முதல் நாள் அதுதான். புண் காய்ந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள்.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்த மடல் எவ்வளவு நல்லதாக இருக்கும்.

மாரி வந்தது. உங்களுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். "பொறும் மலர், மலேரியாதானே. வேர்த்தா விட்டிடும்." அடுத்த நாளும் அதே சொல். பிதற்றத் தொடங்கிய பிறகுதான் உங்களை ட்ராக்டரில் ஏற்றினோம். அங்கே மருந்து இல்லை. மருந்து லொறி தடையில் அனுமதிக்கு நிற்கிறதாம். "பொறுங்கோ, வந்திடும்" என்றார்கள். நான் பொறுத்தேன். நீங்கள் பழக்கிய பழக்கம். உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தேன். லொறி வந்தது, டீச்சர். உங்களை நாங்கள் வளவுக்குக் கொண்டுவந்த பிறகு வந்தது.

பானை பொறுத்தால் தெளியும். மனிசர் பொறுத்தால் செத்துப்போவார்கள். இவ்வளவு படித்த உங்களுக்கு இந்த வித்தியாசம் ஏன் தெரியாமல் போனது? லொறியை மறித்தவனுக்குத் தெரிந்துதானே இருந்தது!

இப்போதும் நான் அந்தச் சவர்க்காரம் காய்ச்சுகிறேன். பானைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன். ஒருவரையும் தொட விடமாட்டேன். போன கிழமையும் அப்படி இருந்தபோதுதான் பக்கத்து வளவுப் பெடிச்சி தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது, நடுக்கம் வேறு. பானையை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"பொறுங்கோ அம்மா, வரிசையில வாங்கோ" என்றாள் தாதி.

"பொறுக்கமாட்டன். டொக்டரைக் கூப்பிடுங்கோ. இல்லாட்டி நான் உள்ள வந்து கூப்பிடுவன்."

வரிசையே திரும்பிப் பார்த்தது. டொக்டர் எழும்பி வந்தார். இருந்த மருந்தில் முதல் ஊசி அந்தக் குழந்தைக்குத்தான். சூடு இறங்கும்வரை நான் கட்டிலடியை விட்டு நகரவில்லை.

திரும்பி வரும்போது பெடிச்சி கேட்டாள். "எப்பவும் பகிடிதானே விடுவியள், அக்கா. உங்களுக்கு இவ்வளவு கோவம் எங்கால வந்தது?"

"எங்கட வளவில ஒரு டீச்சர் இருந்தவா, பிள்ளை" என்றேன். "அவா விட்டிட்டுப் போனது."