அழுக்கு மூட்டையின் கடைசி அடி

மார்ச் 4

என் செல்லக் கீச்சுக்கு,

அக்கா எழுதுவது. முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீ சிரிப்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல். என் போனைத் துவைத்துவிட்டேன். ஆபரேஷன் தியேட்டர் போர்வைகளோடு, கொதிக்கிற தண்ணீரில், நாற்பது நிமிஷம். "மூட்டையை உதறாம மெஷின்ல போடாதீங்கடி" என்று இருபத்திரண்டு வருஷமாக ஆஸ்பத்திரிச் சலவைக்கூடமே அதிரக் கத்துகிறவள் நான். எல்லாரும் துக்கம் விசாரிக்க வந்ததுபோல வரிசையாக வந்து போனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சூப்பர்வைசர் மட்டும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "சுத்தமாத்தானே இருக்கு" என்றார்.

ஆகவே இனிமேல் கடிதம்தான். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள், பிழை இருந்தால் வாயை மூடிக்கொண்டு படி.

நீ அனுப்பிய பத்திரிகை வந்தது. சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். இப்படி ஒரு அறிவாளியை எங்கே பிடித்தீர்கள்? நம் 'அழுக்கு மூட்டை' குழுவின் பாட்டுகள் ஒன்றரை நிமிஷம்தான் ஓடுகின்றனவாம், அது காலத்துக்கு எதிரான கலகமாம். அட மண்டு! துணி பிழிகிற மெஷின் ஒன்றரை நிமிஷம்தான் சுற்றும். அது நின்றால் நம் சத்தம் சூப்பர்வைசர் காதில் விழும். அதற்குள் பாடி முடித்தோம். அந்த மெஷின் மூன்று நிமிஷம் சுற்றியிருந்தால் மூன்று நிமிஷம் கலகம் செய்திருப்போம்.

நம் கிட்டார்காரி கம்பியின் ஒரு பக்கத் தலை மொட்டையாக இருப்பது அதிகாரத்தின் முகத்தில் உமிழ்வதாம். வெல்டிங் பட்டறையில் பொறி பறந்து முடி கருகியதை அவளும் சொல்லவில்லை போலிருக்கிறது. கிட்டாரில் அவளுக்கு மூன்று பிடிதான் தெரியும் என்பதை 'வேண்டுமென்றே மேற்கொண்ட எளிமை' என்கிறான். வார்டு ஆயா வேலை பார்த்து அலுத்து நம் தோழி தூக்கம், பேருக்கேற்றபடி, நின்றவாறே பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டு கண்ணயர்வதற்குப் பெயர் 'அலட்சியத்தின் அழகு'. உன் கண்ணைச் சுற்றிய கறுப்புக்கு அரைப் பக்கம். போர்வையில் வார்டு நம்பர் போடுகிற மை அது, ஒன்பது நாளைக்குப் போகாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதாதா?

அப்புறம் ஏழெட்டு வெளிநாட்டுக் குழுக்களின் பேரைப் போட்டு, அவர்களைக் கேட்டுத்தான் நாம் இப்படி ஆனோம் என்கிறான். நான் இத்தனை வருஷம் கேட்டது மூன்றாம் நம்பர் மெஷினை. அதற்கு ஒரு கால் குட்டை, தடதடவென்று தாளம் போடும். அதன் பேரைக் காணோம்.

ஒரே ஒரு இடத்தில் ஆளுக்குக் காது இருப்பது தெரிந்தது. ஒவ்வொரு பாட்டும் முடிந்து, எல்லாம் நின்று, ஒரு மூச்சு கழித்து 'தொம்' என்று விழுகிறதே ஒற்றை அடி, அதுதான் இந்தக் குழுவின் கையெழுத்து என்று எழுதியிருக்கிறான். யார் அடிக்கிறார்கள் என்று மட்டும் எழுதவில்லை. படத்தில் நீங்கள் மூன்று பேர். ஓரத்தில் என் முழங்கை. முழங்கை நல்ல களையாக விழுந்திருக்கிறது.

"மூணு பேர் முதல்ல வாங்க, டிரம்ஸ் அக்காவ அடுத்த வாரம் கூப்பிடறேன்" என்று உங்கள் பாட்டுக் கம்பெனிக்காரர், அந்த சென்ட்டு பாட்டில், என் எதிரே நின்று சொன்னார். மூன்று வாரம் ஆயிற்று. லீவு சொல்லிவிட்டேன். பையும் கட்டிக் கதவோரம் வைத்திருக்கிறேன். எந்த அடுத்த வாரம் என்று கேட்டு எழுது.

உன் அக்கா,
இஸ்திரி

*

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனைத் துவைத்த கதையைக் கேட்டுக் கம்பி தரையில் உருண்டாள். அவளைச் சமாளிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இங்கே நலம். எங்களுக்கு ஒரு வீடு கொடுத்திருக்கிறார்கள். சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய அறையில் காலையிலிருந்து பாட்டு. கத்தினால் எதிரொலியே வருவதில்லை, யாரோ வாயைப் பொத்துகிற மாதிரி இருக்கிறது. புது டிரஸ் தைக்கிறார்கள். நாம் கழித்துவிட்ட போர்வையில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டிருந்தோமே, அதே மாதிரி. ஆனால் பட்டு. முதுகில் 'கழிவு' என்று முத்திரையும் உண்டு. தையல்காரர் கத்தரியால் அளந்து அளந்து கிழிக்கிறார்.

உன் விஷயம் கேட்டேன். சார் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். அதுவரை பழகுவதற்காக ஒரு பெண் வந்து வாசிக்கிறாள். நல்ல பெண்தான். சும்மா பழகுவதற்கு.

சாரை சென்ட்டு பாட்டில் என்று எழுதாதே அக்கா. கடிதத்தைத் தூக்கம் எடுத்துப் படித்துவிட்டு அவர் எதிரிலேயே சிரிக்கிறாள்.

அன்புடன்,
கீச்சு

*

மார்ச் 17

பட்டுக் குஞ்சலத்துக்கு,

சரி, அவரைப் பாட்டில் என்று சொல்லவில்லை. பாட்டிலுக்காவது மூடி இருக்கும்.

பட்டில் 'கழிவு' முத்திரையா! இங்கே ஒரு போர்வை அந்த முத்திரையை வாங்க எத்தனை பாடுபட வேண்டும் தெரியுமா? முந்நூறு தடவையாவது வெந்து, எத்தனையோ பேர் பிறந்து, செத்து, வாந்தியெடுத்து, நடுவில் நைந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சன்னல் தெரிய வேண்டும். அப்போதுதான் சூப்பர்வைசர் மனமிரங்கி முத்திரையைத் தூக்குவார். உங்கள் பட்டு நேற்று வந்து இன்றைக்கே கழிந்துவிட்டது. கொடுத்துவைத்த துணி.

அந்தத் தையல்காரரிடம் என் விசாரிப்பைச் சொல். கத்தரி வைத்த இடம் நேர்கோடாகப் பிரியும், தானாகக் கிழிந்த துணிக்குத் தாடி முளைக்கும். ஒட்டுப் போட்டே கண் கெட்டவள் நான், மேடைக்குப் பத்து வரிசை தள்ளி உட்கார்ந்தாலும் எது எது என்று சொல்லிவிடுவேன். இங்கே எட்டாம் வார்டு நோயாளிகளிடம் கொடுத்தால் ஒரே நாளில் இலவசமாகக் கிழித்துத் தருவார்கள் என்றும் சொல்.

பழகுவதற்கு வந்த பெண்ணைப் பற்றி எழுதியிருந்தாய். 'நல்ல பெண்தான்' என்று நீ எழுதிய இடத்தில் பேனா இரண்டு தடவை நின்றிருக்கிறது. மை பரவியிருப்பதை வைத்துச் சொல்கிறேன், கறை பார்ப்பதுதான் என் பிழைப்பு.

கோபமில்லாமல் கேட்கிறேன், அவள் உட்காருகிற முக்காலி யாருடையது? என்னுடையது என்றால் அடியில் சூயிங்கம் ஒட்டியிருக்கும், தடவிப் பார். இல்லையென்றால் அதுவும் புதிதா?

பை இன்னும் கதவோரம்தான். போகிறவர் வருகிறவரெல்லாம் இடித்துக்கொண்டு, "எப்ப கிளம்பறீங்க?" என்கிறார்கள். நான் "கார் வருது" என்கிறேன்.

உன்
இஸ்திரி அக்கா

*

ஏப்ரல் 2

அக்கா,

முக்காலி புதிது.

உனக்கு எப்படி எழுதுவது என்று பத்து நாளாகத் தெரியவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். சார் முதலிலேயே முடிவு பண்ணிவிட்டாராம். "உங்க அக்கா வாசிக்கறதுல குறையே இல்லம்மா. ஆனா நாலு பேரும் ஒரே வயசா தெரியணும், படத்துல அவங்க உங்களுக்கு அம்மா மாதிரி இருக்காங்க" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். கம்பிதான், "எங்களுக்கு அம்மா இருந்தா என்ன?" என்றாள். அவர் சிரித்தார். அவ்வளவுதான் நடந்தது.

இதோடு ஒரு காகிதம் இருக்கிறது. உனக்கும் குழுவுக்கும், குழுவின் பேருக்கும் இனி எந்தச் சம்பந்தமும் இல்லை என்று. கீழே கையெழுத்து கேட்கிறார்கள். உனக்குப் பிடிக்கவில்லையென்றால் போடாதே. நிஜமாகச் சொல்கிறேன்.

இன்னொன்று. கேட்கவே வாய் வரவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கடைசி அடி வரவில்லை. எல்லாம் வாசிக்கிறாள், உன்னைவிட வேகமாக வாசிக்கிறாள். ஆனால் அதை மட்டும் ஒன்று முந்திக்கொண்டு அடிக்கிறாள், இல்லையென்றால் தூங்கி எழுந்தவள் மாதிரி அடிக்கிறாள். பத்திரிகையில் வந்துவிட்டதால் சாருக்கு அது கண்டிப்பாக வேண்டுமாம். பாட்டு நின்ற பிறகு நீ எத்தனை எண்ணுவாய்? மூன்றா, மூன்றரையா? எழுதி அனுப்பினால் போதும் என்கிறார்.

என்னைத் திட்டு அக்கா. இந்தத் தடவை கிண்டல் செய்யாதே, திட்டு.

கீச்சு

*

ஏப்ரல் 9

கீச்சு,

திட்ட மாட்டேன். அது உனக்குச் சுலபமாகிவிடும்.

காகிதம் எட்டு மடிப்பாக வந்தது. இவ்வளவு பெரிய கம்பெனி, ஒரு காகிதத்தை ஒழுங்காக அனுப்பத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டு, மடிப்பு போகத் தேய்த்து, அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பியிருக்கிறேன். ஓரத்தில் லேசாகப் பழுப்பேறியிருக்கும், சூடு கொஞ்சம் கூடிவிட்டது. சாட்சியாக சூப்பர்வைசர் போட்டார். முழுக்கப் படித்துவிட்டு, "ஒங்க பாட்டுல என்னை எருமைன்னு சொன்னது நீங்களா, இவங்களா?" என்று கேட்டார். "நான்தான் சார்" என்றேன். "அப்ப பேரை ஏன் விட்டுக்குடுக்கறீங்க?" என்றார். அந்த மனுஷனுக்கு நம் மேல் இவ்வளவு அபிமானம் இருந்தது நமக்குத் தெரியாமலே போயிற்று.

அம்மா மாதிரி இருக்கிறேன் என்றார் இல்லையா? அவர் அம்மாவைப் பார்க்க வேண்டும் எனக்கு. பெற்றபோது என்ன தப்பு செய்தாள் என்று கேட்க வேண்டும்.

இப்போது கடைசி அடி. நான் எண்ணுவதில்லை. எண்ணத் தெரிந்தால் கணக்குப் பாடத்தில் ஏன் பெயிலாகிறேன்? இஸ்திரி மெஷினில் துணியை விரித்து, மேல் பலகையை இறக்கி, வலது காலால் மிதியை அமுக்க வேண்டும். உடனே ஆவி வராது. குழாய்க்குள் உறுமிக்கொண்டு வரும். அந்த உறுமல் நின்று ஒரு மூச்சு கழித்துத்தான் 'புஸ்' என்று துணியில் இறங்கும். அப்போது காலை எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் சுருக்கம், பின்னால் எடுத்தால் கருகல். ஒரு நாளைக்கு நானூறு துணி, இருபத்திரண்டு வருஷம். கழித்துப்போட்ட மெஷினின் மிதியைக் கம்பி பற்றவைத்து நம் சோப்புத்தூள் பீப்பாயில் மாட்டினாளே, அன்றைக்கு என் காலுக்கு அது டிரம் என்று யாரும் சொல்லவில்லை. பாட்டு முடிந்த பிறகும் அது ஆவிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. முதல் தடவை தப்பு என்று நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீதான் கைதட்டினாய்.

ஆகவே உங்கள் சாரிடம் சொல், மூன்றும் இல்லை, மூன்றரையும் இல்லை. இங்கே நாலாம் நம்பர் மெஷினுக்கு ஆள் தேவைப்படுகிறது. அந்தப் பெண்ணை அனுப்பினால் வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறோம். இருபத்திரண்டு வருஷத்தில் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அதற்குள் அவளும் யாருக்காவது அம்மா மாதிரி ஆகியிருப்பாள்.

பையைப் பிரித்துவிட்டேன். உள்ளே இருந்ததெல்லாம் கசங்கியிருந்தது. தேய்த்து வைத்தேன்.

அக்கா

*

ஏப்ரல் 20

அக்கா,

உன் கடிதத்தை மூன்று பேரும் ஆளுக்கொரு தடவை படித்தோம். தூக்கம் முழுசாக விழித்திருந்து படித்தாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு டிவியில் வருகிறோம், நேரடியாக. கடைசி அடி வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். பாட்டு பாட்டோடு முடிந்துவிடும். அந்த எருமைப் பாட்டுதான். எருமையை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

நீ பார்க்காதே.

கீச்சு

*

ஏப்ரல் 28

கீச்சு,

பார்த்தேன். பார்க்காதே என்று சொன்னால் நான் பார்ப்பேன் என்று தெரிந்துதானே சொன்னாய்.

ஞாயிறு எனக்கு மாலை ஷிப்ட். துவைத்துத் தேய்த்த போர்வைகளை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகிற வழியில், புறநோயாளிகள் கூடத்து டிவி முன்னால் வண்டியை நிறுத்தினேன். வாசல் சரிவுக்கு நேரே நின்றதால் பிரேக் போட்டேன். இந்த வண்டி பிரேக் தெரியும் உனக்கு, ஒரு மிதிக்குப் பிடிக்கும், மறு மிதிக்கு விடும். பெஞ்சில் காலில் கட்டுப் போட்ட ஒரு பெரியவர், பல்வலிக்கார அம்மா ஒருத்தி, சூப்பர்வைசர். அவர் எதற்கு வந்தார் என்று கேட்டேன். "காத்தாட" என்றார்.

நன்றாகத்தான் இருந்தீர்கள். இஸ்திரி போட்டு மடித்து அடுக்கிய மாதிரி. சத்தம் ஒன்றின் மேல் ஒன்று படவே இல்லை. உன் கண்ணைச் சுற்றிய கறுப்பு ஓரம் கட்டி வரைந்தது, ராத்திரி முகம் கழுவினால் போய்விடும். கம்பிக்கு நாலாவது பிடி கற்றுக்கொடுத்துவிட்டார்கள், பாவம், முகத்திலேயே தெரிந்தது. பல்வலிக்கார அம்மா, "நல்லாத்தான் பாடுதுங்க, கோபம்தான் எதுக்குன்னு புரியல" என்றாள். முதலில் எருமை மேல் இருந்தது, இப்போது யார் மேலும் இல்லை என்றேன். சூப்பர்வைசர், "என்னை எடுத்துட்டாங்களா?" என்றார். எடுத்துவிட்டார்கள் என்றேன். அப்புறம், "ஒங்களையும்தான்" என்றார்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. பாட்டு எங்கே முடிய வேண்டுமோ அங்கே, மயிரிழை பிசகாமல் முடித்தாள். எல்லாம் நின்றது.

அப்போது நீ மைக்கைவிட்டுத் திரும்பினாய். வாய் திறந்தபடியே பின்னால் முக்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றாய். ஒரு மூச்சு நேரம். அந்தப் பெண் உன்னைப் பார்த்துச் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. யாரைத் தேடினாய் என்று நான் கேட்கப்போவதில்லை. பதில் எழுதிக் கிழித்துக்கொண்டிருப்பாய், காகிதம் வீண்.

நீ திரும்பின அந்த நேரத்தில் இங்கே என் வலது கால் எழும்பி மிதித்தது. நான் சொல்லவில்லை, அதுவாகத்தான். கீழே வண்டியின் பிரேக் இருந்தது.

வண்டி வாசல் வழியாகச் சரிவில் இறங்கிப் போயிற்று. தோட்டக்காரர் அப்போதுதான் தண்ணீர் விட்டிருந்தார். சேற்றில் நாற்பத்தெட்டுப் போர்வை. மறுபடியும் துவைத்தோம்.

அக்கா