செவ்வாய்க்கிழமை ஓடாத சக்கரம்

மேட்டகள்ளி, மைசூர்
6-2-1994

அன்புள்ள லிங்கம்மாவுக்கு,

இன்று காலை ஏழரை மணிக்கு, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு முக்கியமான முடிவு எடுத்தேன். இனி என் கடிதங்களில் 'நிற்க' என்ற சொல் இடம்பெறாது. நலம் விசாரித்த கையோடு 'நிற்க' என்று எழுதிவிட்டு விஷயத்துக்கு வர வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் நிற்காத சக்கரம் ஒன்றைச் செய்கிறவன் கடிதத்துக்குக் கடிதம் அப்படிக் கட்டளையிடுவது முறையல்ல என்று மூன்று நாள் யோசனைக்குப் பிறகு தெளிந்தேன். நீயும் அந்தச் சொல்லைத் தவிர்த்தால் நல்லது.

இங்கு நான் நலம். உன் நலமும் உன் அண்ணன் கரியப்பன் நலமும் அறிய ஆவல்.

ஆறாவது சக்கரம் தயார். பன்னிரண்டு கைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் இரும்புக் குண்டு. இறங்கும் பக்கத்தில் கைகள் நீளும், ஏறும் பக்கத்தில் மடங்கும். ஆகவே இறங்கும் பக்கம் எப்போதும் கனம். எப்போதும் கனமாக இருக்கும் பக்கம் எப்போதும் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கரன்ட் வேண்டாம், டீசல் வேண்டாம், பூமி இழுத்தால் போதும். இதில் தவறு எங்கே என்று எங்கள் தொழிற்சாலை இன்ஜினியரிடம் கேட்டேன். அவர் தவறைச் சொல்லாமல் என் வயதைக் கேட்டார்.

முதல் ஓட்டம் நான்கு நிமிடம் பத்து விநாடி. ஸ்டாண்டு ஆடியதுதான் காரணம். அதனால் சமையலறைச் சுவரிலேயே பிராக்கெட் அடித்து மாட்டிவிட்டேன். கதவு இப்போதும் பாதிதான் திறக்கும். ஆனால் ஒருவர் பக்கவாட்டில் நுழையத் தாராளமான இடம் இருக்கிறது என்பதை நீ புறப்படுவதற்கு முன்பே அளந்து காட்டியிருக்கிறேன்.

தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு அறிவித்திருக்கிறார்கள். மார்ச் 31 கடைசி நாள். படிவம் வாங்கி வந்துவிட்டேன். முழு நேரமும் சக்கரத்துக்குக் கொடுக்கலாம்.

பின்பக்கத்து வீட்டைப் பசவராஜ் என்பவர் வாங்கியிருக்கிறார். ஏதோ கடை வைக்கப் போகிறாராம்.

அன்புடன்,
சென்னிமலை

ராமாபுரம்
12-2-1994

அன்புள்ள உங்களுக்கு,

லிங்கம்மா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். தங்கள் நலமறிய ஆவல். நிற்க.

கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடித்தால் இன்லண்டு அசிங்கமாகிவிடும். சக்கரத்துக்குக் காட்டாமல் படியுங்கள்.

அண்ணனின் மாவு மில்லில் கல்லாவில் உட்காருகிறேன். பொழுது போகிறது. மில் ஓடும்போது பக்கத்து அறையில் சுவர் அலமாரி டம்ளர்கள் எல்லாம் ஓரத்துக்கு நடந்து வந்துவிடுகின்றன. மத்தியானம் மில்லை நிறுத்தியதும் நான் போய் எல்லாவற்றையும் உள்ளே தள்ளி வைக்கிறேன். சாயங்காலத்துக்குள் மறுபடி வந்துவிடும். யாரும் கூப்பிடாமலே வருகிறவை அவை மட்டும்தான்.

உங்கள் சக்கரத்தைப் பற்றி அண்ணனிடம் சொன்னேன். "ஏம்புள்ள, மாப்பிள்ளையோடது கரன்ட் இல்லாம ஓடுச்சுன்னா நம்ம மில்லுக்கும் ஒண்ணு சொல்லி வையி. இங்க தினம் ரெண்டு மணி நேரம் கரன்ட்டப் புடுங்கிடறான்" என்றார். கேலியா நிஜமா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

பதினெட்டு வருடம் நேராக நடந்து போன சமையலறைக்குள் என்னைப் பக்கவாட்டில் நுழையச் சொன்னீர்கள். நண்டுக்கு அது வழக்கம். எனக்கு இல்லை. சக்கரம் ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி, கதவு முழுவதும் திறக்கும் அன்று ஒரு வரி எழுதுங்கள். பஸ் ஏறிவிடுகிறேன்.

ஆனால் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் எழுத வேண்டாம். வேலையை விட்டவரும் ஓடாத சக்கரமும் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிற வீட்டுக்கு நான் வரமாட்டேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை.

இப்படிக்கு,
லிங்கம்மா

மேட்டகள்ளி, மைசூர்
27-2-1994

அன்புள்ள லிங்கம்மாவுக்கு,

ஓடுகிறது.

நலம் விசாரிக்க மறந்துவிட்டேன், மன்னித்துக்கொள். ஓடுகிறது லிங்கம்மா. இருபதாம் தேதி அச்சில் ஒரு சைக்கிள் ஃப்ரீவீல் மாட்டினேன். இனிச் சக்கரம் முன்னால் மட்டுமே சுற்றும், பின்னால் வராது. மறுநாள் திங்கட்கிழமை பசவராஜ் ராகி மில் திறந்தார். பூஜைக்குப் போய்ச் சுண்டல் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பார்க்கிறேன், நான் தொடாமலே சக்கரம் கட் கட் என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. கையில் சுண்டலோடு அப்படியே நின்றுவிட்டேன். ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை, நான்கு மணி நேரம். பிறகு ஓய்ந்தது. மூன்று மணிக்குத் தானாகவே மறுபடி புறப்பட்டது. நின்ற சக்கரம் தானே புறப்படுவது எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

இருக்கிற லீவையெல்லாம் போட்டுவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து நேரம் குறிக்கிறேன். சாப்பாடு நாற்காலியில்தான். சமையலறையை விட்டு வெளியே வருவதே குறைந்துவிட்டதால் கதவுப் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிட்டது.

பசவராஜுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. பாவம், கொடுத்துவைக்கவில்லை. அவர் மில்லை நிறுத்திவிட்டு வருகிற நேரமெல்லாம் சக்கரம் ஓய்வில் இருக்கிறது. நேற்று கண் இமையெல்லாம் மாவாக வந்து நின்று, "நில்லோதே இல்லா அந்த்ரல்லா சார், நிந்திதெயல்லா?" என்றார். நிற்கவே நிற்காது என்றீர்களே, நிற்கிறதே என்று கேட்கிறார். நிற்பது வேறு, ஓய்வெடுப்பது வேறு என்று விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார். அவர் போய்ப் பத்து நிமிடத்தில் சக்கரம் புறப்பட்டுவிட்டது.

உன் கடிதம் 16-ஆம் தேதி வந்தது. அன்று நான்கு நிமிடம்கூட ஓடவில்லை. நான் எதையும் சொல்லவில்லை.

அன்புடன்,
சென்னிமலை

ராமாபுரம்
5-3-1994

அன்புள்ள உங்களுக்கு,

லிங்கம்மா எழுதுவது. இங்கு நலம். அங்கு நலமறிய ஆவல். ஓடுக.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சுண்டலோடு நின்றதை மூன்று முறை படித்தேன். கல்யாணமான புதிதில் பிரஷர் குக்கர் முதல் விசில் அடித்தபோதும் நீங்கள் அப்படித்தான் நின்றீர்கள்.

குறித்து வைத்திருக்கிற நேரங்களை அப்படியே எழுதி அனுப்புங்கள். ஓடியது மட்டுமல்ல, ஓய்வெடுத்ததும் வேண்டும். அந்தப் பசவராஜின் மில் நம் வீட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது? சும்மா கேட்கிறேன்.

நாற்காலியில் உட்கார்ந்து என்ன சாப்பிடுகிறீர்கள்?

இப்படிக்கு,
லிங்கம்மா

மேட்டகள்ளி, மைசூர்
20-3-1994

அன்புள்ள லிங்கம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். 'ஓடுக' கண்டு மனம் நிறைந்தது. அதை வெட்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

நான்கு வாரக் கணக்கு இதோ. தினமும் காலை ஒன்பதுக்குப் புறப்படுகிறது. ஒன்றுக்கு ஓய்வு. மூன்றிலிருந்து ஏழு வரை ஓட்டம். செவ்வாய்க்கிழமைகளில் நாள் முழுவதும் ஓய்வு. நான்கு செவ்வாயும் அப்படித்தான்.

காரணங்களையும் கண்டுபிடித்துவிட்டேன். உச்சிப்பொழுதில் சூரியன் தலைக்கு மேல் நின்று எல்லாவற்றையும் தன் பக்கம் இழுக்கிறது. பூமியின் பிடி தளர்கிறது. அதன் பலன் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும், ஆகவே ஒரு மணி. செவ்வாய்க்கிழமை விஷயம் இன்னும் ஆழமானது. ஒரு கிழமைக்கு ஒரு கிரகத்தின் பெயரை நம் முன்னோர்கள் காரணமில்லாமல் வைத்திருப்பார்களா? அன்று செவ்வாயின் ஈர்ப்பு குறுக்கே நிற்கிறது. உலகத்தில் முதன்முதலாக இதை அளந்து காட்டியிருப்பது நம் சமையலறைச் சுவர்.

மார்ச் 17 வியாழன் மட்டும் பத்து இருபதிலிருந்து பதினொன்று நாற்பது வரை ஓய்வெடுத்தது. இதற்குக் காரணம் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் கரன்ட் போய், ஃபேன் ஓடாமல் வியர்த்துக் கொட்டியதால் சரியாகக் கவனிக்க முடியவில்லை.

பசவராஜின் மில் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான். சத்தத்தை நினைத்துக் கவலைப்படாதே, பழகிவிடும்.

படிவத்தை நிரப்பிவிட்டேன். கையெழுத்து மட்டும் பாக்கி. அதைச் சக்கரம் ஓடும்போது, அதன் முன்னால் உட்கார்ந்து போடுவதாக இருக்கிறேன். 31-ஆம் தேதி வியாழக்கிழமை. தடையிருக்காது.

ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிடுகிறேன்.

அன்புடன்,
சென்னிமலை

ராமாபுரம்
24-3-1994

அன்புள்ள உங்களுக்கு,

லிங்கம்மா எழுதுவது. இங்கு நலம். நலமறிய ஆவல். இந்த இடத்தில் எழுத வேண்டிய சொல்லை நான் எழுதவில்லை. கடிதத்தை முடித்த பிறகு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணனிடம் உங்கள் கணக்கைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "செவ்வாய்க்கிழமை நம்ம மில்லுக்குந்தான் லீவு" என்றார். பிறகு மில்லுக்கு எண்ணெய் போடப் போய்விட்டார்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு கிலோ ராகி வாங்கிக்கொண்டு காலை எட்டே முக்காலுக்குப் பசவராஜின் மில்லுக்குப் போங்கள். சமையலறை ஜன்னலைத் திறந்து வையுங்கள், மில் வாசலில் நின்றால் சக்கரம் தெரியும்படி. அரைத்துக் கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு நிமிடம் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். பிறகு போடச் சொல்லுங்கள். அவ்வளவுதான். அதன் பிறகும் கையெழுத்துப் போடத் தோன்றினால் போடுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.

நீங்கள் ஏமாந்ததாக நினைக்க வேண்டாம். நேரத்தை ஒரு நிமிடம்கூட மாற்றி எழுதாமல் குறித்தீர்கள். பொய்யாகக் குறித்திருந்தால் ராமாபுரத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கு என்ன தெரிந்திருக்கும்? நீங்கள் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் இங்கே டம்ளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரொட்டி வேண்டாம். வயிற்றைக் கட்டும்.

இப்படிக்கு,
லிங்கம்மா

மேட்டகள்ளி, மைசூர்
30-3-1994

அன்புள்ள லிங்கம்மாவுக்கு,

இங்கு நான் நலம். அங்கு உன் நலமும் கரியப்பன் நலமும் அறிய ஆவல்.

நிற்க.

ராகி நைசாக அரைபட்டிருக்கிறது. பசவராஜ் பதினொரு முறை சுவிட்சை அணைத்துப் போட்டார். ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பன்னிரண்டாவது முறை நான் கேட்கவில்லை.

இன்று காலை முதல் ஷிப்டுக்குப் போனேன். படிவத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, கையெழுத்து இல்லையே என்று எழுத்தர் கேட்டார். ஆமாம் என்றேன். குண்டுகள் பன்னிரண்டையும் ஸ்கிராப்பில் ஒப்படைத்துவிட்டேன். ஃப்ரீவீல் சைக்கிளில் இருக்கிறது.

சமையலறைக் கதவு முழுவதும் திறக்கிறது.

அன்புடன்,
சென்னிமலை