டம்ளரில் கிடந்த கண்

என் அன்பு மச்சான் கலியமூர்த்திக்கு,

நீ போய் இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. இப்போது எழுதுகிறேன் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று நீயே கண்டுபிடித்திருப்பாய். காரியம் இல்லாமல் நான் போன் செய்ததே இல்லை என்று குத்திக்காட்டுவாயே, அந்தக் குணம் இன்னும் மாறவில்லை.

வருகிற திங்கட்கிழமை சிதம்பரத்து டாக்டருக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். சரி அல்லது வேண்டாம், ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தையை ஒரு வருஷமாகச் சுமந்துகொண்டு திரிகிறேன். சலித்துவிட்டது மச்சான்.

உனக்குத் தெரியாததை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கேன்சர் வந்தது. விதையில். போன வருஷம் பங்குனியில் குளிக்கும்போது இடது பக்கம் கையில் தட்டுப்பட்டது. வேர்க்கடலை அளவுதான், ஆனால் கெட்டியாக இருந்தது. வலி இல்லை. வலி இல்லையே என்று இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டேன். யாரிடம் போய் இதைச் சொல்வது? நீ இருந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். நீயும் அன்றைக்கே வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருப்பாய். வழியெல்லாம் என் மானத்தை வாங்கியிருப்பாய், அது வேறு.

சிதம்பரத்தில்தான் ஆபரேஷன். இடது விதையை எடுத்துவிட்டார்கள். அடிவயிற்று ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது. அப்புறம் மூன்று சுற்று கீமோ. தலைமுடி போனது, புருவம்கூடப் போனது, வாயெல்லாம் புண். இப்போது முடி திரும்ப வந்திருக்கிறது, முன்பைவிடச் சுருட்டையாக. ரத்தம், ஸ்கேன் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டிவிட்டு வருகிறேன். பிழைத்துவிட்டாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் டாக்டர் ஒன்று கேட்டார். எடுக்கிற இடத்தில் செயற்கையாக ஒன்றை வைத்துத் தைத்துவிடலாமா என்று. மேஜை டிராயரிலிருந்து ஒரு மாதிரியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சிலிக்கானில் செய்தது. அது வேலை எதுவும் செய்யாது, மற்ற வேலைக்கெல்லாம் மிச்சமிருக்கிற ஒன்றே போதும், இது பார்வைக்கும் தொட்டால் இருப்பதற்கும்தான் என்றார். சிலருக்கு வைத்துக்கொண்டால் நிம்மதி, சிலருக்கு அந்த நினைப்பே வருவதில்லை, எப்போதாவது புண்ணாகி எடுக்க வேண்டியும் வரலாம் என்று எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் சொன்னார்.

அதன் வழவழப்பு கையில் பட்டதும் எனக்கு உன் ஞாபகம் வந்தது. உன் கண்ணை நான் கையில் வைத்திருந்த நாள் ஞாபகம் வந்தது. மாதிரியை மேஜையிலேயே திருப்பி வைத்துவிட்டேன். டாக்டர்தான், சரி, அப்புறம்கூட வைத்துக்கொள்ளலாம், அவசரமில்லை என்று சொல்லி, வைக்காமலே தைத்து அனுப்பிவிட்டார்.

அதிலிருந்து போகும்போதெல்லாம் என்ன முடிவு செய்தீர்கள் என்று கேட்கிறார். நான் இன்னும் யோசிக்கவில்லை என்று பொய் சொல்கிறேன். யோசிக்காத நாளே இல்லை. நான் நிற்கிற இடம் உனக்குத்தான் தெரியுமே. மஞ்சக்குப்பம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அதே கவுன்டரில்தான் நிற்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வருகிறவன் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறான், இது ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று. முன்பெல்லாம் காதில் விழாது. இப்போது ஒவ்வொரு தடவையும் விழுகிறது.

யாருக்காக வைத்துக்கொள்வது? தெருவில் போகிறவனுக்குத் தெரியப்போவதில்லை. பேன்ட் போட்டால் ஒன்றும் தெரியாது, வேட்டி கட்டினாலும் தெரியாது. பார்க்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான், உன் தங்கச்சி கோமதி. அவளுக்கு நான் காட்டவே இல்லை.

ஆமாம், காட்டவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து குளியலறையிலேயே வேட்டியைக் கட்டிக்கொண்டு வருகிறேன். துணி மாற்றும்போது அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறேன். கட்டு மாற்றுகிறேன் என்று அவள் வந்தபோதும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். கூடத்தில்தான் காற்று வருகிறது என்று சொல்லி அங்கேயே பாயைப் போட்டுக்கொண்டேன். காற்று அங்கே வருவதும் இல்லை. கோமதியையும் வைத்துக்கொண்டுதான் டாக்டர் ஒரு தடவை கேட்டார். அவள் என்னைப் பார்த்து, "உங்க இஷ்டம்தாங்க" என்றாள். எனக்கு அது, எப்படி இருந்தால் எனக்கென்ன என்று சொன்னதுபோலக் கேட்டது. கோபம் வந்தது. வெட்கத்துக்குப் போட வேறு சட்டை கிடைக்காவிட்டால் கோபத்தைத்தானே போட்டுக்கொள்வோம்.

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஒரு கண்ணு நானு, ஒரு கொட்டை நீயி, ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு மாப்ள என்றிருப்பாய். அதைக் கேட்க ஆள் இல்லாமல்தான் இந்த நோய் எனக்கு இவ்வளவு நீளமாகப் போயிற்று. சுற்றி இருக்கிற எல்லோரும் அவ்வளவு மரியாதையாக நடந்துகொள்கிறார்கள் மச்சான். கேன்சர் என்று சொல்லக்கூடக் குரலைத் தாழ்த்துகிறார்கள். ஒருத்தராவது கிண்டல் செய்திருக்கலாம்.

ஐ.டி.ஐ.யில் இரண்டு பேரும் ஒரே பெஞ்ச். முடித்த வருஷமே நீ லேத் பட்டறைக்குப் போனாய். கண்ணாடி போடாமல் வேலை செய்து, இரும்புச் சீவல் தெறித்து வலது கண்ணே போயிற்று. பத்தொன்பது வயசு உனக்கு. அப்புறம் பாண்டிச்சேரிக்குப் போய்ச் செயற்கைக் கண் வைத்துக்கொண்டு வந்தாய். இடது கண்ணைவிட ஒரு சாயல் வெளிறல், அது உற்றுப் பார்த்தால்தான் தெரியும். பார்வை வராத கண் எதற்குடா என்று நான் கேட்டேன். அறிவில்லாமல்தான் கேட்டேன்.

"நான் பாக்கறதுக்கு இல்ல மாப்ள. எதிர்ல நிக்கிறவன் எங்க பாக்கறதுன்னு தெரியாம முழிக்கிறான் பாரு, அவனுக்கு."

இருபது வருஷம் அந்தக் கண்ணோடு இருந்தாய். பெண் பார்க்கப் போனபோது செல்வியிடம் முதல் பேச்சே அதைப் பற்றித்தான் பேசினாயாம். பிற்பாடு நீயே சிதம்பரத்தில் சொந்தப் பட்டறை போட்டாய். பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது செயற்கை என்றே தெரியாது.

இனிமேல்தான் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது வருகிறது.

உன் நெஞ்சு நின்ற அன்றைக்கு, குளிப்பாட்டத் தூக்குவதற்கு முன்னால் செல்வி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். தண்ணீர் ஊற்றும்போது கண் நழுவி விழுந்துவிடும், பத்துப் பேர் பார்ப்பார்கள், முன்னாலேயே எடுத்து வைத்திருந்து திரும்ப வைத்துவிடுங்கள் அண்ணே என்றாள். நான்தான் எடுத்தேன். துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்புறம் மாலை வந்தது, மேளக்காரர் வந்தார், உங்கள் பங்காளிகள் யார் முன்னால் நிற்பது என்று சத்தம் போட ஆரம்பித்தார்கள். நான் அவர்களைச் சமாதானம் பண்ணப் போனேன். மறந்தே போய்விட்டேன் மச்சான். எரித்துவிட்டு வந்து கை கால் கழுவிச் சட்டையைக் கழற்றும்போதுதான் பையில் கை பட்டது.

செல்வியிடம் சொல்லவில்லை. கோமதியிடமும் சொல்லவில்லை. ஒரு சின்ன விபூதி டப்பாவில் போட்டு, கடை டிராயரில் கேஸ்கட் பாக்கெட்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். உன்னைக் குறையோடு அனுப்பிவிட்டேன் என்பதை இரண்டு வருஷமாக நான் மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்தது அந்தப் பாவத்துக்குத்தானோ என்றுகூட கீமோ ஏறும்போது நினைத்திருக்கிறேன். சிரிக்காதே. மருந்து ஏறும்போது மனிதன் எதையும் நினைப்பான்.

இந்தப் புதன்கிழமை டாக்டரைப் பார்க்கப் போனபோது அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனேன். அளவு பார்த்து வரவழைக்க வேண்டும், திங்கட்கிழமை ஒரு பதில் சொல்லிவிடுங்கள் என்றார். வெளியே வந்து நேராக உன் வீட்டுக்குப் போனேன். செல்வி நன்றாக இருக்கிறாள். முன் அறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். மோர் கொடுத்தாள். நான் டப்பாவைத் திறந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னேன்.

அவள் அழவில்லை. டப்பாவை வெளிச்சத்துக்குத் திருப்பி உன் கண்ணைப் பார்த்தாள்.

"வாய்க்கரிசி போடும்போதே பாத்தேன் அண்ணே. கண்ணு எமை உள்ள வாங்கியிருந்துச்சி. சொன்னா நீங்க பதறிப் போயிடுவீங்க. அதுவுமில்லாம, வீட்டுக்குள்ள எங்கிட்ட அவுரு அப்படித்தான இருப்பாரு. அப்படியே போவட்டும்னு உட்டுட்டேன்."

அவ்வளவு கூட்டத்தில் வேறு யாருமே கவனிக்கவில்லை. கவனித்த ஒருத்திக்கு அது குறையாகப் படவில்லை. டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். கோமதியிடம் கொடுங்கள், கல்யாணத்துக்கு முன்னால் அதைக் கழுவி வைத்தது அவள்தானே என்றாள்.

இது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் நீயும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. புதுச்சத்திரம் தாண்டுகிற வரைக்கும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம் ஐந்து மணி. உன் மருமகள் பாப்பா டியூஷன் போயிருந்தாள். கோமதி துணி மடித்துக்கொண்டிருந்தாள். டப்பாவைக் கொடுத்தேன். திறந்து பார்த்தவள், எங்கே இருந்தது, எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து போய் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். கண்ணைக் கட்டை விரலால் இரண்டு தடவை தேய்த்துக் கழுவி டம்ளரில் போட்டாள். கை தானாகவே செய்தது. அப்புறம்தான் அழுதாள்.

அவள் அழுது முடித்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். செல்வி சொன்னதைச் சொன்னேன், டாக்டர் கேட்டதைச் சொன்னேன். நான் என்ன பதில் சொல்லட்டும், எனக்குப் புரியவில்லை என்று அவளிடமே கேட்டேன். ஒரு வருஷத்தில் இப்போதுதான் கேட்கிறேன்.

"எங்கண்ணன் கண்ண தெனம் கழுவி டம்ளர்ல போட்டவ நானு. பதினாலு வயசுலேர்ந்து. எங்கிட்ட போயி எத மறைக்கிறீங்க?" என்றாள்.

டம்ளரைக் கொண்டுபோய்ச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"வச்சிக்கினாலும் சரி, வாணாம்னாலும் சரி, அது உங்க ஒடம்பு. அதத்தான் அன்னிக்கும் சொன்னேன். நீங்க தாப்பா போட்டுக்கினு உள்ள நிக்கிறீங்க பாருங்க, அதான் எனக்குத் தாங்கல."

ஒரு வருஷமாக அவள் அந்தக் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறாள் மச்சான். தாழ்ப்பாள் சத்தத்தை ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கிறாள். எனக்கு என் பக்கத்துச் சத்தம் மட்டும்தான் தெரிந்தது.

இன்றைக்குச் சனிக்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையில் ஆள் இல்லை, கவுன்டரில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். திங்கட்கிழமை டாக்டருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். இதில் வீரம் ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை அந்த மேஜையில் படுத்து, மயக்க மருந்து வாங்கி, தையல் பிரிக்கப் போய் உட்கார உடம்பில் தெம்பில்லை. பின்னால் எப்போதாவது வேண்டும் என்று தோன்றினால் போய் வைத்துக்கொள்வேன். வெட்கப்படவும் மாட்டேன். நீ இருபது வருஷம் வைத்திருந்தாய், உன்னில் எது பொய்யாக இருந்தது?

உன் கண் இப்போது எங்கள் சமையலறை அலமாரியில் டம்ளரில் இருக்கிறது. கோமதி தினமும் தண்ணீர் மாற்றுகிறாள். அவளுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது தேவனாம்பட்டினம் கடலில் கொண்டுபோய் விடலாம் என்றிருக்கிறோம். அதுவரைக்கும் இருக்கட்டும். நேற்று மறந்துபோய் அந்த டம்ளரை எடுத்துக் குடிக்கப் போனேன், நீ பார்த்திருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று உனக்கு வாக்காகச் சொல்கிறேன். நேற்றுக் காலையில் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தேன். கை பழக்கத்தில் தாழ்ப்பாளுக்குப் போயிற்று. பிறகு போடாமல் விட்டுவிட்டேன். அவள் உள்ளே வரவில்லை, கதவு சும்மா சாத்தியிருந்தது, அவ்வளவுதான். இனிமேலும் போட மாட்டேன் மச்சான். உன் தங்கச்சி வரும்போது வரட்டும்.

உன் பக்கத்து பெஞ்ச்காரன்,
உன் தங்கச்சியைக் கட்டிய மாப்பிள்ளை,
தண்டபாணி
மஞ்சக்குப்பம்